படுக்கையறையில் தெரியும் கேமரா சமையலறையில் ஏன் தெரிவதில்லை? வீட்டு ரவுட்டரின் இரண்டு வேலைகள்

எங்கள் புளோக்கின் ஏழாம் மாடியில் இருக்கும் அக்கா போன மாதம் மின்தூக்கியில் என்னைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, அம்மா ரூம்ல ஒரு கேமரா வெச்சோம். நான் அம்மா பக்கத்துல நின்னா போன்ல நல்லாத் தெரியுது. சமைக்கப் போனா தெரியல. சமையலறையில நிக்கும்போதுதானே எனக்கு அது வேணும்?” என்றார். அம்மாவுக்கு வயது எண்பதுக்கு மேல். நடமாட்டம் குறைந்துவிட்டது. இணையக் கணக்கு எதுவும் வேண்டாம், வீட்டுக்குள் நேரடியாகப் பார்த்தால் போதும் என்று வாங்கிய கேமரா அது.

அன்று மாலை போய்ப் பார்த்தேன். வாசல் பக்கம் இணையச் சேவையோடு வந்த ரவுட்டர் இருந்தது. வாசலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே வீட்டுப் பாதுகாப்பறையின் கனத்த கான்கிரீட் சுவர். வைஃபை அதைத் தாண்டவில்லை. அதனால் இன்னொரு ரவுட்டர் வாங்கி, முதல் ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்து, படுக்கையறைப் பக்கம் வைத்திருந்தார்கள். இணையம் வீடு முழுக்க ஓடியது. கேமரா மட்டும் ஓர் இடத்தில் தெரிந்தது, இன்னோர் இடத்தில் தெரியவில்லை.

இந்தக் கோளாறைப் புரிந்துகொண்டால் வீட்டு நெட்வொர்க்கின் பாதிக் கோளாறுகள் புரிந்துவிடும். ரவுட்டர் என்று நாம் சொல்லும் பெட்டி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, வழி காட்டுவது. மற்றது, முகவரி மாற்றுவது. எந்த வேலையில் பழுது என்று பிரித்துப் பார்க்காமல் எதைத் தட்டினாலும் நேரம்தான் வீணாகும்.

வழி காட்டுவது

சிங்கப்பூரின் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டை எடுத்துக்கொள்வோம். 82 என்று தொடங்கினால் அது பொங்கோல் பக்கம். கடிதங்களைப் பிரிக்கிறவருக்கு முதல் கட்டத்தில் இந்த இரண்டு இலக்கம் போதும். எந்த புளோக், எந்த மாடி என்பதெல்லாம் கடிதம் பொங்கோல் போய்ச் சேர்ந்த பிறகு வேறொருவர் பார்த்துக்கொள்வார்.

நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் ஐபி முகவரியும் அப்படித்தான். 192.168.1.23 என்ற முகவரியில், வீட்டு ரவுட்டர்கள் வழக்கமாக வைத்திருக்கும் அமைப்பின்படி, முதல் மூன்று எண்கள் பேட்டையைச் சொல்கின்றன. கடைசி எண் அந்தப் பேட்டைக்குள் இருக்கும் ஒரு கருவியைச் சொல்கிறது. ரவுட்டரிடம் ஒரு வழிப் பட்டியல் இருக்கும். வீட்டு ரவுட்டரில் அது மிகச் சின்னது: “192.168.1 எனத் தொடங்குபவை இங்கேயே இருக்கின்றன. மற்றவை எல்லாம் இணைய நிறுவனத்தின் பக்கம்.” அவ்வளவுதான். அந்த “மற்றவை எல்லாம்” வரி பட்டியலில் 0.0.0.0 என்று எழுதப்பட்டிருக்கும். அதை இயல்பு வழி என்பார்கள். ஒரே முகவரிக்கு இரண்டு வரிகள் பொருந்தினால், அதிக இலக்கம் பொருந்தும் வரிதான் வெல்லும். இயல்பு வழி எப்போதும் கடைசி.

உங்கள் கைப்பேசியிலும் இதே மாதிரி ஒரு குட்டிப் பட்டியல் உண்டு. தன் பேட்டையில் இருக்கும் முகவரி என்றால் நேரே பேசும். இல்லையென்றால் கேட்வேயிடம், அதாவது ரவுட்டரிடம், கொடுத்துவிடும்.

முகவரி மாற்றுவது

ஐபி முகவரியின் நான்காம் பதிப்பு 32 பிட் நீளம். மொத்தம் ஏறத்தாழ 430 கோடி முகவரிகள். உலகத்தில் இருக்கும் கைப்பேசி, கணினி, தொலைக்காட்சி எல்லாவற்றுக்கும் ஆளுக்கொன்று கொடுக்க அது போதாது என்பது 1990களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 1994இல் முகவரி மாற்றும் முறை ஆவணமாக வெளிவந்தது. அதே ஆண்டு தனியார் பயன்பாட்டுக்கென்று மூன்று தொகுதிகளை ஒதுக்கினார்கள்: 10 எனத் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168 எனத் தொடங்குபவை. இவற்றை எந்த வீட்டிலும் எந்த அலுவலகத்திலும் யாரையும் கேட்காமல் பயன்படுத்தலாம். ஆனால் பொது இணையத்தில் இவற்றுக்கு வழி கிடையாது. அக்கா வீட்டிலும் 192.168.1.23 இருக்கிறது, என் வீட்டிலும் இருக்கிறது. வெளியே இருப்பவர் எந்த வீட்டுக்கு அனுப்புவார்?

அதனால் ரவுட்டர் நடுவில் நின்று முகவரியை மாற்றி அனுப்புகிறது. மதிய உணவு வேளையில் அலுவலகத்திலிருந்து ஒருவர் உணவங்காடி நிலையத்துக்குப் போவாரே, அவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் ஆறு விதமாகச் சொல்லி அனுப்புகிறார்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் போட்டுத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்கிறார்: 41 என்றால் மீனாவின் இஞ்சித் தேநீர், 42 என்றால் ரஹீமின் மீ கோரெங். கடைக்காரரிடம் “என் பேரில் 41” என்று மட்டும் சொல்கிறார். கடைக்காரருக்கு மீனாவைத் தெரியாது, தெரியத் தேவையும் இல்லை. “41!” என்று கூப்பிட்டதும் இவர் வாங்கிக்கொண்டு, சீட்டைப் பார்த்து, மீனாவின் மேசையில் வைக்கிறார்.

அந்த எண்தான் போர்ட். ரவுட்டர் உங்கள் கைப்பேசியின் முகவரியை நீக்கிவிட்டுத் தன் வெளி முகவரியைப் போடுகிறது, ஒரு போர்ட் எண்ணைச் சேர்க்கிறது, சீட்டில் எழுதிக்கொள்கிறது. பதில் வந்ததும் சீட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. போர்ட் எண்கள் 65,535 வரை போகும் என்பதால் ஒரே வெளி முகவரியை வைத்துக்கொண்டு ஒரு வீடு தாராளமாகப் பிழைக்கலாம்.

இந்தச் சீட்டில் இரண்டு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது: உள்ளிருந்து யாரும் கேட்காமல் வெளியிலிருந்து ஒரு தரவுப் பொட்டலம் வந்தால், சீட்டில் பதிவு இருக்காது. யாருக்கு என்று தெரியாததால் அது கைவிடப்படும். இரண்டாவது: சீட்டுப் பதிவு என்றென்றைக்கும் இருக்காது. கொஞ்ச நேரம் பேச்சு இல்லையென்றால் ரவுட்டர் அதை அழித்துவிடும். சில வகை இணைப்புகளுக்கு இந்தக் கெடு ஒரு சில நிமிடம்தான். “நெட் போன் அழைப்பு தொடங்கினால் பேச முடிகிறது, கொஞ்ச நேரம் சும்மா விட்டால் அழைப்பே வருவதில்லை” என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகிப்பது இந்தக் கெடுவைத்தான்.

சரி, இப்போது அக்கா வீட்டுக்கு வருவோம்.

முதல் ரவுட்டரின் பேட்டை 192.168.1. இரண்டாவது ரவுட்டரின் பேட்டை 192.168.50. கேமரா இரண்டாவதில், 192.168.50.40. அக்காவின் கைப்பேசிக்கு இரண்டு வைஃபையும் தெரியும். படுக்கையறையில் நின்றால் இரண்டாவதைப் பிடிக்கும். கேமராவும் கைப்பேசியும் ஒரே பேட்டை, படம் தெரியும். சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே போனால் கைப்பேசி முதல் ரவுட்டருக்குத் தாவி 192.168.1.23 ஆகிவிடும். இப்போது 192.168.50.40ஐத் தேடினால், “என் பேட்டை இல்லை” என்று கேட்வேயிடம் கொடுக்கிறது. முதல் ரவுட்டர் தன் பட்டியலைப் பார்க்கிறது. 192.168.50 என்று வரியே இல்லை. “மற்றவை எல்லாம்” வரிதான் பொருந்துகிறது. பக்கத்து அறைக்குப் போக வேண்டியது இணைய நிறுவனத்தின் பக்கம் கிளம்பிப் போய், வழியில்லாத தனியார் முகவரி என்று அங்கே தொலைகிறது.

அக்காவின் மகன் இதற்கு நேர் எதிரான ஒன்றைக் காட்டினான். படுக்கையறையில் இருக்கும் அவன் மடிக்கணினியிலிருந்து, வாசல் பக்கம் முதல் ரவுட்டரோடு இணைந்த பிரிண்டருக்கு அச்சிட முடிகிறது! முகவரியைக் கையால் பதிந்தால் போதுமாம். அதெப்படி? மடிக்கணினியின் கோரிக்கை இரண்டாவது ரவுட்டரைத் தாண்டும்போது முகவரி மாறிவிடுகிறது. பிரிண்டரின் கண்ணுக்கு அது இரண்டாவது ரவுட்டரின் வெளி முகவரியான 192.168.1.2இலிருந்து, தன் பேட்டை ஆளிடமிருந்து வந்ததாகத் தெரிகிறது. அவருக்கே பதில் சொல்கிறது. பதிலை வாங்கிய இரண்டாவது ரவுட்டர் சீட்டைப் பார்த்து மடிக்கணினிக்குக் கொடுத்துவிடுகிறது.

முகவரி மாற்றம் இல்லாமல் வெறும் வழி காட்டல் மட்டும் நடந்திருந்தால், கோரிக்கை பிரிண்டருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். பதில் திரும்பியிருக்காது. ஏனென்றால் பிரிண்டர் 192.168.50.20 என்ற மடிக்கணினியின் முகவரிக்கு எழுதும், முதல் ரவுட்டர் அதையும் வெளியே அனுப்பிவிடும். வழி காட்டல் சரியாக நடக்க வேண்டுமானால் போகிற பக்கம், வருகிற பக்கம் இரண்டுக்கும் வழி தெரிந்திருக்க வேண்டும். முகவரி மாற்றம் இருந்தால் நடுவில் நிற்கும் ஒருவருக்குத் தெரிந்தால் போதும். அதற்கு விலை, எதிர்ப் பக்கத்திலிருந்து யாரும் பேச்சைத் தொடங்க முடியாது.

ஆகவே எந்தக் கோளாறைப் பார்த்தாலும் நான் கேட்கும் கேள்வி இரண்டுதான். யார் முதலில் பேச ஆரம்பிக்கிறார்? பதில் எந்த வழியாகத் திரும்புகிறது? புதிதாகக் கற்பவர்கள் போகிற வழியை மட்டுமே துருவிக்கொண்டிருப்பார்கள். குழப்பமான கோளாறுகள் பெரும்பாலும் திரும்பும் வழியில்தான் இருக்கின்றன.

எங்கே அறுகிறது என்று பார்ப்பது

கணினியில் முதலில் சொந்த முகவரியைப் பாருங்கள். வைஃபை அமைப்புகளிலேயே இருக்கும். 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் முகவரியே கொடுக்கவில்லை, கருவி தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அதற்கு மேல் எதையும் சோதிக்க வேண்டாம். கேபிளையோ வைஃபையையோ பாருங்கள்.

முகவரி சரியாக இருந்தால் பிங் செய்யுங்கள், அதாவது ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பாருங்கள். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்பவர் எழுதிய நிரல் அது. நீர்மூழ்கிக் கப்பல்களின் சோனார் ஒலியிலிருந்து பெயர் வைத்தார். ஒலி போய் மோதித் திரும்பினால்தான் கேட்கும். பிங்கும் போவதோடு வருவதையும் சேர்த்தே சோதிக்கிறது. முதலில் கேட்வே, அடுத்து வெளியே இருக்கும் பொது சர்வர்களான 1.1.1.1 அல்லது 8.8.8.8, அப்புறம் ஏதாவது ஓர் இணையதளத்தின் பெயர். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லையென்றால், வழியும் முகவரி மாற்றமும் நன்றாக இருக்கின்றன. பெயரை எண்ணாக்கும் டிஎன்எஸ்தான் பழுது. “நெட் இல்லை” என்று என்னிடம் வந்த பலருக்கு நெட் இருந்தது, டிஎன்எஸ்தான் இல்லை.

பிங் ‘இல்லை’ என்று மட்டும் சொல்லும். எங்கே என்பதைச் சொல்ல ட்ரேஸ்ரூட் என்ற நிரல் வேண்டும். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஆயுள் எண் ஒன்று உண்டு. ஒவ்வொரு ரவுட்டரும் அதிலிருந்து ஒன்றைக் குறைக்கும். பூஜ்யமானால் பொட்டலத்தைக் கைவிட்டு, அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். ட்ரேஸ்ரூட் வேண்டுமென்றே ஆயுள் 1, 2, 3 என்று வைத்து அனுப்பி, வழியில் இருக்கும் ரவுட்டர்களை ஒவ்வொன்றாகப் பேச வைக்கிறது. நடுவில் நட்சத்திரக் குறிகள் வந்தால் பதற வேண்டாம். சில ரவுட்டர்கள் பதில் சொல்லாமல் வேலையை மட்டும் பார்க்கும். நட்சத்திரத்துக்குப் பின்னாலும் வரிகள் தொடர்ந்தால் வழி திறந்தே இருக்கிறது.

அந்தப் பட்டியலின் முதல் இரண்டு வரிகளைக் கவனியுங்கள். இரண்டும் 192.168 எனத் தொடங்கினால், வீட்டில் பெரும்பாலும் இரட்டை முகவரி மாற்றம் நடக்கிறது. அக்கா வீட்டில் அதுதான் தெரிந்தது: 192.168.50.1, அடுத்து 192.168.1.1.

அடுத்து, வாசல் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளி முகவரி என்ன என்று பாருங்கள். ‘என் ஐபி என்ன’ என்று இணையத்தில் தேடினால் வேறொரு முகவரி காட்டும். இரண்டும் ஒன்றானால் நல்லது. வேறுபட்டு, ரவுட்டர் காட்டுவது 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனமே இன்னொரு முறை முகவரி மாற்றுகிறது. 2012இல் இதற்கென்றே ஒதுக்கிய தொகுதி அது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் நம் ஆசிய பசிபிக் வட்டாரத்தின் முகவரிக் கையிருப்பு கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அந்த நிலையில் வீட்டில் எந்த போர்ட்டைத் திறந்து வைத்தாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. நிறுவனத்திடம் பொது முகவரி கேட்க வேண்டும், அல்லது உள்ளிருந்து தொடங்கும் இணைப்பாக ஏற்பாட்டை மாற்ற வேண்டும்.

திரும்பும் வழியில் தொலைபவை

போர்ட் திறப்பது என்பது உணவு வாங்கப் போனவரிடம் “80 என்று எது வந்தாலும் முத்துவுக்குக் கொடுத்துவிடு” என்று நிரந்தரமாகச் சொல்லி வைப்பது. அது வேலை செய்யவில்லை என்று வருந்துகிறவர்கள் வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே வெளி முகவரியைத் தட்டிப் பார்த்திருப்பார்கள். அந்தச் சோதனையே தவறு. கைப்பேசியின் கோரிக்கை ரவுட்டரைத் தொட்டு கேமராவுக்குத் திரும்புகிறது. கேமரா பார்க்கிறது: கேட்பவர் என் பேட்டை. நேரே கைப்பேசிக்குப் பதில் அனுப்புகிறது. கைப்பேசியோ வெளி முகவரியிலிருந்து பதில் வரும் என்று காத்திருக்கிறது. வேறு யாரோ பேசுகிறார் என்று அதைத் தள்ளிவிடுகிறது. சில ரவுட்டர்கள் இதைச் சமாளிக்கத் தெரிந்தவை, பல தெரியாதவை. வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: கேமராவுக்கு நேரடியாக போர்ட் திறக்காதீர்கள். அந்தக் கதவை நீங்கள் மட்டும் தட்டப் போவதில்லை. வெளியிலிருந்து பார்க்கத்தான் வேண்டுமென்றால் ரவுட்டரில் விபிஎன், அதாவது வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் பூட்டிய பாதை, வைத்து அதன் வழியே நுழையுங்கள்.

விபிஎன் என்றதும் வீட்டிலிருந்து வேலை செய்பவர்களைச் சிரமப்படுத்தும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அலுவலக சர்வர் 192.168.1.10. வீட்டுப் பேட்டையும் 192.168.1. விபிஎன் இணைந்துவிட்டது, சர்வர் மட்டும் கிடைக்கவில்லை. மடிக்கணினி அந்த முகவரியை வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருப்பதுதான் காரணம். வீட்டு ரவுட்டரின் பேட்டையை 192.168.77 போல அதிகம் புழங்காத ஒன்றாக மாற்றிவிட்டால் தீர்ந்தது.

இணையத் தொலைபேசியில் ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்பதும் இதே குடும்பம்தான். இணைய அழைப்புகளை ஏற்படுத்தும் சிப் (SIP) முறையில் பேசும் கருவிகள் “குரலை இந்த முகவரிக்கு அனுப்பு” என்று கடிதத்துக்கு உள்ளே எழுதுகின்றன. ரவுட்டர் உறையின் மேல் இருக்கும் முகவரியை மாற்றுகிறது. உள்ளே 192.168 அப்படியே இருக்கிறது. எதிர்முனை அந்த முகவரிக்குக் குரலை அனுப்பினால் அது எங்கே வந்து சேரும்? உள்ளே இருப்பதையும் திருத்துகிறேன் என்று சில ரவுட்டர்களில் சிப் உதவி வசதி ஒன்று உண்டு. அது அரைகுறையாகத் திருத்திக் காரியத்தைக் கெடுப்பதும் உண்டு என்பதால், குரல் கோளாறு வந்தால் அதை அணைத்துப் பார்ப்பது என் வழக்கம்.

ஐபி ஆறாம் பதிப்பில் முகவரிகளுக்குப் பஞ்சமில்லை. கருவி ஒவ்வொன்றுக்கும் பொது முகவரி கிடைப்பதால் இந்த மாற்று வேலை தேவைப்படுவதில்லை. ஆனால் உள்ளே வருபவரைத் தடுக்கும் ஃபயர்வால் அங்கேயும் வேண்டும்.

அக்கா வீட்டில் செய்தது

இரண்டு வழி இருந்தது. முதல் ரவுட்டரை, வழி காட்டாமல் இணைப்பை அப்படியே கடத்திவிடும் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றி, புது ரவுட்டரிடமே எல்லாப் பொறுப்பையும் கொடுக்கலாம். அல்லது புது ரவுட்டரை வெறும் வைஃபை கொடுக்கும் ஆக்ஸஸ் பாயின்ட் நிலைக்கு மாற்றலாம். அக்கா வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியும் வீட்டுத் தொலைபேசியும் முதல் ரவுட்டர் வழியாகவே ஓடின. பிரிட்ஜ் நிலைக்கு மாற்றினால் அவை நின்றுபோகும் வாய்ப்பு உண்டு. எனவே இரண்டாவது வழி.

ஆக்ஸஸ் பாயின்ட் நிலையில் புது ரவுட்டர் வழி காட்டாது, முகவரி மாற்றாது, முகவரி வழங்காது. எல்லாக் கருவிகளும் 192.168.1 என்ற ஒரே பேட்டைக்கு வந்துவிடும். மாற்றிய உடனே 192.168.50.1 பக்கம் திறக்காமல் போகும். பயப்பட வேண்டாம், அந்தப் பேட்டையே இப்போது இல்லை. புது ரவுட்டருக்கே முதல் ரவுட்டர் ஒரு முகவரி கொடுத்திருக்கும். கருவிகளின் பட்டியலில் தேடினால் கிடைக்கும். கேமராவுக்கும் புது முகவரி வந்தது. அது மறுபடி மாறாமல் இருக்க முதல் ரவுட்டரில் அதை ஒதுக்கி வைத்தேன். இரண்டு வைஃபைக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் கொடுத்தேன்.

அக்கா கைப்பேசியோடு சமையலறைக்குப் போனார். அம்மா கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலைப் பெட்டியைத் தேடிக்கொண்டிருப்பது தெரிந்தது. “ஜன்னல் பக்கம் இருக்கும்மா!” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.